திறவாத படம்

எங்கள் ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே எங்கள் பாட்டனார் காலத்து வீடு ஒன்று 2024ஆம் ஆண்டு வரை இருந்தது. வாயிலில் திண்ணை, அதனை அடுத்து இடைகழி, இடைகழியைக் கடந்தால் நடுவே முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் கொண்ட கூடம், கூடத்தின் மேற்குக் கோடியில் நெல் சேமிக்கும் அறை, அதற்கும் அப்பால் அடுக்களை. தஞ்சைப் பகுதியின் பழைய வீடுகள் பலவும் இவ்வாறே அமைந்திருக்கும். நண்பகலில் முற்றத்து வெயில் கண்ணைக் கூசச் செய்யும். அதே வேளையில் நெல்லறையின் வாயிலில் நிற்பவர் முகம் தெரியாது. வெளியிலிருந்து வருபவர் சற்று நேரம் தூணைப் பற்றிக்கொண்டு நின்று, கண் பழகிய பிறகே உள்ளே செல்வது வழக்கம்.

உடன்பிறந்தோரின் மக்கள் வெவ்வேறு ஊர்களுக்குச் சென்று வாழத் தொடங்கிய பின் வீட்டைப் பேணுவார் இல்லை. ஓடுகள் சரிந்தன, மழைநீர் இறங்கிச் சுவர்கள் பழுதுற்றன. எல்லோரும் கூடிப் பேசி, அதனை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். வாங்கியவர் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிய வீடு கட்ட விரும்பினார். அதனை மறுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அவ்வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுள் எஞ்சியிருந்தவர் என் அத்தை ஒருவரே. அவர் என் தந்தையாரின் தங்கை. அப்போது அவருக்கு வயது 84. இடுப்பு எலும்பு முறிந்தபின் நெடுந்தொலைவு பயணம் செய்ய இயலாதவராய்த் திருச்சியில் என் வீட்டில் தங்கியிருந்தார். வீட்டை விற்கும் செய்தியை எவ்வாறு அவரிடம் சொல்வது என்று நான் இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் அழவில்லை.

“எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு, தம்பி. இடிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வரச் சொல். அது போதும் எனக்கு” என்றார்.

படம் எடுக்கும் பணியை என் தமக்கையின் மகன் ஏற்றுக்கொண்டான். அவன் சென்னையில், திரைப்படங்களுக்குக் கணினியால் காட்சிகளை அமைக்கும் தொழில் செய்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல கேமராவும் முக்காலியும் எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்றான். மறுநாள் என் கைப்பேசிக்கு ஒரு கோப்பு வந்து சேர்ந்தது.

நான் ஆவலோடு அதனைத் தொட்டேன். “இக்கோப்பைத் திறக்க இயலாது” என்று கைப்பேசி கூறிவிட்டது. மீண்டும் தொட்டேன், மீண்டும் அதே விடை. கூர்ந்து பார்த்தபோது, படங்களின் பெயருக்குப் பின்னால் வழக்கமாகக் காணப்படும் ‘ஜேபெக்’ என்னும் ஒட்டு அதில் இல்லை, ‘எச்.டி.ஆர்.’ என்னும் மூன்று எழுத்துகளே இருந்தன. ஒட்டை மாற்றினால் திறந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அவ்வாறே மாற்றிப் பார்த்தேன். பயன் இல்லை.

என் பேதைமையை இன்று நினைத்தாலும் எனக்கு நகைப்பு வருகிறது. உப்பு வைத்த ஜாடியின்மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உப்பு இனிக்குமா? படத்தைத் திறக்கும் நிரல் முதலில் கோப்பின் உள்ளே உள்ள சில எண்களைப் படித்துப் பார்க்கிறது. ஜேபெக் வகைக் கோப்பு எதுவாயினும் 255, 216 என்னும் இரண்டு எண்களோடு தொடங்கும். என் கோப்பு அவ்வாறு தொடங்கவில்லை. மேற்பெயரை நான் மாற்றினேனேயன்றி உள்ளிருந்ததை மாற்றவில்லை.

அன்று மாலை மருமகனோடு தொலைபேசியில் பேசினேன். அவன் அப்போது வேலை மிகுதியில் இருந்தான்.

“மாமா, அதைத் திறப்பதற்குத் தனிச் செயலி வேண்டும். நேரில் வரும்போது நானே அமைத்துத் தருகிறேன். அதுவரை பாட்டிக்குக் காட்டச் சாதாரணப் படம் ஒன்று அனுப்புகிறேன்” என்றான்.

சாதாரணப் படம் வந்தது, உடனே திறந்தது. அத்தையிடம் காட்டினேன். முற்றம், துளசி மாடம், தேய்ந்த கருங்கல் விளிம்பு, தாழ்வாரத்துத் தூண்கள் ஆகிய யாவும் நன்கு தெரிந்தன. மேற்குப் பக்கம் மட்டும் கரி பூசியதுபோல் இருந்தது. அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நன்றாக இருக்கிறது” என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

என் கைப்பேசியில் இடம் குறைவு. திறவாத அந்தக் கோப்போ மிகப் பெரியது. திறக்காத ஒன்றை வைத்திருப்பதால் என்ன பயன் என்று எண்ணி அதனை அழித்துவிட்டேன். அடுத்த வாரம் வீடு இடிக்கப்பட்டது.

ஒரு மாதம் சென்றது. ஒரு நாள் பிற்பகலில் அத்தை என்னை அழைத்தார்.

“தம்பி, நெல்லறையின் நிலை என்ன ஆயிற்று?” என்று கேட்டார்.

“மரச் சாமான்களையெல்லாம் வாங்கியவரே எடுத்துக்கொண்டார், அத்தை. ஏன் கேட்கிறீர்கள்?”

“அந்த நிலையில்தான் ஒவ்வொரு பொங்கலன்றும் அப்பா எங்கள் மூவரையும் நிறுத்தி உயரம் குறிப்பார். உன் தந்தைக்கு வெறுங்கோடு. எனக்குக் கோட்டின் அருகில் ஒரு புள்ளி. சின்னவனுக்குப் பெருக்கல் குறி.”

சின்னவன் என்று அவர் குறித்தது தம் தம்பியை. எனக்குச் சிற்றப்பாவாகியிருக்க வேண்டிய அவர், 1950ஆம் ஆண்டில், ஆறு வயதில், காய்ச்சலால் இறந்து போனார் என்பதை மட்டும் நான் கேள்விப்பட்டிருந்தேன். அவரை யாரும் படம் எடுத்ததில்லை. எங்கள் ஊருக்கு அக்காலத்தில் கேமரா வந்ததும் இல்லை. அச்சிறுவன் இவ்வுலகில் வாழ்ந்தான் என்பதற்கு அந்த மரத்தில் கத்தியால் கீறிய சில குறிகளைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை. இதனை அத்தை சொல்லும் வரையில் நான் அறியவில்லை.

வீட்டை வாங்கியவரோடு உடனே பேசினேன். அவர் நல்லவர், தாமே மரக்கடைக்குச் சென்று விசாரித்துச் சொன்னார். நிலையை அறுத்து இழைத்துப் பலகைகளாக்கிவிட்டார்களாம்; அவையும் விற்றுப் போயினவாம்.

பிறகு அந்தச் சாதாரணப் படத்தை நினைத்தேன். மேற்குப் பக்கம் இருட்டாக இருந்தாலும், கைப்பேசியில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் வசதி உண்டல்லவா? கூட்டிப் பார்த்தேன். கருமை சாம்பல் நிறமாயிற்று. திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது. நிலை தெரியவில்லை, கோடும் தெரியவில்லை. எவ்வளவு கூட்டினாலும் சாம்பல் வெளுத்ததேயன்றி வேறு ஒன்றும் தோன்றவில்லை. நான் அழித்துவிட்ட கோப்பு அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மருமகனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். “நீ எடுத்த மற்றப் படங்களேனும் இருக்கின்றனவா?” என்று கேட்டேன்.

“தனித்தனிப் படங்களை அப்போதே நீக்கிவிட்டேன், மாமா. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக்கி வைத்திருந்தேன். அதைத்தான் உங்களுக்கும் அனுப்பினேன். அதன் படி ஒன்று வீட்டில் பழைய வட்டில் இருக்க வேண்டும். தேடிப் பார்க்கிறேன்” என்றான்.

அவன் தேடி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அவ்விரண்டு நாளும் அத்தையின் முகத்தை நேரே பார்க்க எனக்குத் துணிவு இல்லை. மூன்றாம் நாள், “கிடைத்துவிட்டது” என்று செய்தி அனுப்பினான். சனிக்கிழமை காலையில் அவனே திருச்சிக்கு வந்து சேர்ந்தான்.

மாணவர்களே, அவன் எனக்கு அன்று விளக்கியவற்றை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது.

ஞாயிற்றின் ஒளி முழுநிலவின் ஒளியைப் போல் ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு வலியது. ஆயினும் நாம் வெயிலிலும் வழி காண்கிறோம். நிலவிலும் வழி காண்கிறோம். வெளிச்சத்தில் நம் கண்மணி சுருங்குகிறது, இருளில் விரிகிறது. கண்ணின் உட்படலமும் இருளுக்குத் தக்கவாறு மெல்ல மெல்லக் கூர்மை பெறுகிறது. அது முழுவதும் பழகுவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் வேண்டும். கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அது ஒரு முறை கண் திறந்து மூடுகிறது. அந்த ஒரு திறப்பில் அகப்பட்டது மட்டுமே படமாகிறது. முற்றத்துக்கு ஏற்பத் திறந்தால் நெல்லறை கருத்துவிடும். நெல்லறைக்கு ஏற்பத் திறந்தால் முற்றம் வெளுத்துவிடும்.

இத்தொல்லை புதியது அன்று. பிரான்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்னும் கலைஞர் 1850களில் கடற்காட்சிகளைப் படம் எடுத்தார். வானத்துக்கு ஏற்ற அளவில் எடுத்தால் கடல் இருண்டது. கடலுக்கு ஏற்ற அளவில் எடுத்தால் மேகங்கள் மறைந்தன. ஆகவே அவர் கடலை ஒரு கண்ணாடித் தகட்டிலும் வானத்தை மற்றொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார்.

கணினிக் காலத்தில் இம்முறை மேலும் வளர்ந்தது. 1997ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர் ஒரு வழியை வெளியிட்டனர். ஒரே காட்சியை வெவ்வேறு கால அளவில் பல முறை எடுத்து, அப்படங்களை ஒப்பிட்டு, ஒவ்வோர் இடத்திலிருந்தும் வந்த ஒளியின் அளவைக் கணக்கிட்டு எழுதிவைக்கும் வழி அது. மறு ஆண்டில் டெபவெக், இவ்வாறு அளந்த ஒளியைக் கொண்டு, அவ்விடத்தில் இல்லாத பொருளுக்கும் அவ்விடத்து வெளிச்சத்தை ஊட்டிக் காட்டலாம் என்று விளக்கினார். திரைப்படங்களில் கணினியால் வரைந்த உருவங்கள் உண்மையான தெருவில் நிற்பனபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். என் மருமகன் தன் தொழிலுக்காகக் கற்ற வித்தை இதுவே.

“நம் வீட்டுக் கூடத்தை ஏழு முறை எடுத்தேன், மாமா. முதல் படத்துக்கு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அடுத்தடுத்த படத்துக்கு நான்கு மடங்கு வீதம் கூட்டிக்கொண்டே போனேன். ஏழாவது படத்துக்கு ஒரு முழு நொடி. முக்காலியைச் சிறிதும் அசைக்கவில்லை. ஏழையும் சேர்த்ததுதான் அந்தக் கோப்பு. சாதாரணப் படம் என்று அனுப்பியது ஏழனுள் நடுவில் இருந்த ஒன்று” என்றான் அவன்.

“அதில் நான் வெளிச்சத்தைக் கூட்டியும் ஏன் ஒன்றும் தெரியவில்லை?”

“ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தாம் உண்டு. சுழியில் தொடங்கி 255இல் முடியும். அந்த எல்லைக்குக் கீழே போன இருட்டெல்லாம் சுழியாகிவிடும். சுழியை எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழிதானே?”

“அப்படியானால் இந்தக் கோப்பில் மட்டும் எப்படி அடங்கிற்று?”

அவன் விடை கூறுமுன் சற்றுச் சிந்தித்தான். பிறகு, “நெல்லை எப்படி அளப்பார்கள், மாமா?” என்று கேட்டான்.

“உழக்கு, படி, மரக்கால், கலம்.”

“மூன்று என்று மட்டும் எழுதினால் போதுமா? மூன்று உழக்கா, மூன்று கலமா என்று தெரிய வேண்டும் அல்லவா? இந்தக் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எண்கள் உண்டு. முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவு. நான்காவது எண்தான், அளப்பது உழக்காலா கலத்தாலா என்று சொல்வது. இருண்ட இடத்துக்குச் சிறிய அளவை. வெயில் பட்ட இடத்துக்குப் பெரிய அளவை. எந்த இடமும் சுழியாகிப் போக வேண்டியதில்லை.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியிருக்க முடியாது. அளவை என்று அவன் சொன்னது, முதல் மூன்று எண்களையும் எத்தனை முறை இரட்டிக்க வேண்டும், அல்லது எத்தனை முறை பாதியாக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்ணே ஆகும். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய கிரெக் வார்டு என்பவர், கட்டடங்களுக்குள் வெளிச்சம் எவ்வாறு பரவும் என்பதைக் கணக்கிட ‘ரேடியன்ஸ்’ என்னும் கணினி நிரலை அமைத்தார். அதன் பொருட்டு 1980களில் அவர் வகுத்த கோப்பு முறை இது. திரைப்படத் துறையினர் மிகுதியாகக் கையாளுவது ‘ஓப்பன் இ.எக்ஸ்.ஆர்.’ என்னும் மற்றொரு முறை. இண்டஸ்ட்ரியல் லைட் அண்டு மேஜிக் என்னும் நிறுவனம் அதனை உருவாக்கி, 2003ஆம் ஆண்டில் எல்லோரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது.

எனக்கு இன்னோர் ஐயமும் இருந்தது. “என் கைப்பேசியின் கேமராவிலும் எச்.டி.ஆர். என்றுதானே எழுதியிருக்கிறது? பின் ஏன் இதனைத் திறக்கவில்லை?” என்று கேட்டேன்.

“பெயர் ஒன்று, பொருள் வேறு, மாமா. கைப்பேசியும் விரைவாகப் பல படங்கள் எடுத்துச் சேர்க்கிறது. ஆனால் சேர்த்தவுடன் அதுவே ஒரு முடிவு செய்து, எல்லாவற்றையும் சுருக்கிச் சாதாரணப் படமாக்கிவிடுகிறது. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல், எந்த இடத்தை எவ்வளவு மிகுத்துக் காட்ட வேண்டும் என்னும் குறிப்பையும் ஜேபெக் படத்தோடு சேர்த்துவைக்கும் வழி ஒன்று வந்திருக்கிறது. அது நல்லதுதான். என்றாலும் அளந்த ஒளியை அப்படியே வைத்திருக்கும் கோப்பு வேறு. அதைப் படிக்கத் தனிச் செயலி வேண்டும்.”

அத்தகைய செயலி ஒன்றை அவன் என் கைப்பேசியில் அமைத்தான். கோப்பைத் தொட்டான். திரையில் ஒரு வட்டம் சுழன்றது. செயலி தானாகவே மூடிக்கொண்டது. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

“அஞ்சாதீர்கள். படம் பெரிது, கைப்பேசி சிறிது” என்றான் அவன். அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 4,000 புள்ளி. ஆகமொத்தம் இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள். திறக்கும்போது ஒவ்வொரு புள்ளியின் மூன்று நிறங்களையும் விரித்து எழுத, கைப்பேசியின் நினைவகத்தில் ஏறத்தாழ இருபத்தொன்பது கோடி பைட்டு இடம் தேவைப்படும். என் பழைய கைப்பேசி அவ்வளவு சுமையைத் தாங்கவில்லை. ஆகவே அவன் தன் மடிக்கணினியில் இரண்டு கோப்புகளை ஆக்கினான். ஒன்று, முழுப் படத்தையும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருக்கியது. மற்றொன்று, நெல்லறை வாயிலை மட்டும் சுருக்காமல் வெட்டி எடுத்தது. இரண்டையும் கைப்பேசிக்கு மாற்றினான்.

முதற் கோப்பைத் தொட்டோம். கூடம் திரையில் தோன்றியது. முற்றம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. மேற்குப் பக்கம் கருத்திருந்தது. “முன் பார்த்தது போலவே இருக்கிறதே!” என்றேன்.

“திரைக்கு இவ்வளவுதான் காட்ட முடியும். கீழே இருக்கும் கோட்டில் விரலை வைத்து மெல்ல நகர்த்துங்கள்” என்றான்.

நகர்த்தினேன். வெளுத்திருந்த முற்றத்தில் துளசி மாடத்தின் காரைப் பூச்சும் அதன் விரிசலும் தோன்றின. மேலும் நகர்த்தினேன். மேலே ஓட்டு விளிம்புகளுக்கிடையே வானமும் அதில் ஒரு வெண்முகிலும் தெரிந்தன. அப்போது கூடம் முழுதும் இருண்டிருந்தது. பிறகு விரலை எதிர்ப்புறம் நகர்த்தினேன். முற்றம் ஒளியில் கரைந்தது. தாழ்வாரத்து உத்தரம், அதில் தொங்கிய உறியின் கயிறு, விளக்கு மாடத்தின் எண்ணெய்க் கறை ஆகியவை ஒவ்வொன்றாக இருளிலிருந்து வெளிவந்தன.

கைப்பேசியை அத்தையின் மடியில் வைத்தோம். அவர் விரலைப் பிடித்து நகர்த்தும் வகையைக் காட்டினான் மருமகன். அவர் இரண்டொரு முறையில் பழகிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மருமகனைப் பார்த்து, “அப்பா, வெளியிலிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கிறது” என்றார்.

பிறகு இரண்டாம் கோப்பைத் திறந்தோம். முதலில் கருமை ஒன்றே தெரிந்தது. அத்தை விரலை நகர்த்தினார். நிலையின் ஓரம் தோன்றியது. மரத்தின் ரேகைகள் தோன்றின. பின்னர்க் குறுக்கே சிறு கீறல்கள் தோன்றின. படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். மேலே வெறுங்கோடுகள் இருந்தன; அவை என் தந்தையாருடையவை. அவற்றுக்குக் கீழே, அருகில் புள்ளி வைத்த கோடுகள். எல்லாவற்றுக்கும் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெருக்கல் குறிகள்.

“மூன்று” என்றார் அத்தை. “நான்காம் பொங்கலுக்கு அவன் இல்லை.”

அக்குறிகளின் மேல் அவர் விரலை வைத்தார். விரல் பட்டதும் படம் நகர்ந்துவிட்டது. மருமகன் அதனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதனைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மருமகன் மற்றொரு படத்தையும் ஆக்கிக் காட்டினான். முற்றத்தின் வெயிலைத் தணித்து, நெல்லறையின் இருளை உயர்த்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே படத்தில் தெரியும்படி சுருக்கியிருந்தான். அது ஜேபெக் வகைப் படம்; எந்தக் கைப்பேசியிலும் திறக்கும். முகிலும் தெரிந்தது, நிலையும் தெரிந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அத்தை அதனைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“அழகாக இருக்கிறது. ஆனால் இது நம் வீடு இல்லை. நம் வீட்டு நெல்லறை இருட்டாகத்தான் இருக்கும். நின்று பார்த்தால்தான் தெரியும்” என்றார்.

அவர் கூறியதை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். சாதாரணப் படம், எதைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று எடுக்கும்போதே முடிவு செய்துவிடுகிறது. அம்முடிவை நாம் பின்னர் மாற்ற இயலாது. எல்லாவற்றையும் ஒருங்கே காட்டும் படமும் ஒரு முடிவே. இருளையும் வெயிலையும் அது சமமாக்கிவிடுகிறது. அளந்த ஒளியை வைத்திருக்கும் கோப்போ முடிவு எதுவும் செய்வதில்லை. பார்ப்பவர் வெயிலிலிருந்து வந்து, நின்று, கண் பழகிப் பார்ப்பதற்கு அது இடம் கொடுக்கிறது. அதனாலேயே அது பெரியது. அதனாலேயே திறப்பதற்கும் அரியது.

படங்கள் எல்லாவற்றையும் இவ்வாறே எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நண்பர்களோடு எடுக்கும் படத்துக்கும் நாள்தோறும் அனுப்பும் படத்துக்கும் ஜேபெக் முறையே போதும். அது சிறியது, எங்கும் திறக்கும். மீண்டும் காண முடியாத ஒன்றை எடுக்கும்போது மட்டும் நாம் சற்று விழிப்போடு இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் அக்கோப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: மருமகனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, என் தமக்கையிடம் ஒன்று. ஒவ்வொன்றின் அருகிலும் யாரும் திறக்கத்தக்க சாதாரணப் படம் ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம். அக்கோப்பு எம்முறையில் எழுதப்பட்டது, எவ்வகைச் செயலியால் அதனைத் திறக்கலாம் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன். இன்றைய செயலி நாளை மறையலாம். எழுதப்பட்ட முறை தெரிந்தால், பின்வருபவர் வேறொரு செயலியை அமைத்துக்கொள்வர். பூட்டை மட்டும் விட்டுச்சென்று திறவுகோலை எடுத்துச் செல்வது பெரியோர்க்கு அழகன்று.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு நாள் திறவாத கோப்பு ஒன்று வந்து சேரலாம். உங்கள் கருவி அதனைப் படிக்க அறியவில்லை என்பதே அதன் பொருள். அதனுள் ஒன்றும் இல்லை என்பது பொருள் அன்று. அனுப்பியவரைக் கேளுங்கள், கற்றவரைக் கேளுங்கள், அதுவரை அதனை அழிக்காமல் வைத்திருங்கள். நான் அழித்துவிட்டேன். என் மருமகன் அழிக்காமல் வைத்திருந்தான். ஆறு வயதில் மறைந்த ஒரு சிறுவனின் மூன்று குறிகள் இன்று எங்களிடம் இருப்பது அவனால்தான்.

அத்தை இன்றும் சில நாள்களில் பிற்பகல் நேரத்தில் கைப்பேசியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். இரண்டாம் கோப்பையே திறக்கச் சொல்கிறார். விரலை மெல்ல நகர்த்தி, நெல்லறை வெளிச்சம் பெறும் வரையில் காத்திருக்கிறார்.